கூப்பிடு தூரத்தில் கடை வேண்டும்

ஊர் என்றால் எது? நூறு வீடுகள் வரிசையாக நின்றுவிட்டால் அது ஊராகிவிடுமா? நாற்பதடிச் சாலையும், நடுவே ஒரு பூங்காவும், நுழைவாயிலில் ஒரு வளைவும் இருந்துவிட்டால் போதுமா? போதாது என்பதே எங்கள் எண்ணம். பால் திரிந்துபோனால் வேறு பால் வாங்கவும், தேர்வுக்கு முந்தின நாள் பேனா எழுதாமல் போனால் வேறு பேனா வாங்கவும், யாருடைய தயவும் இன்றி நடந்து சென்று வரக்கூடிய நாலு கடைகள் இருந்தால்தான் அது ஊர். இல்லையேல் அது வீடுகளை அடுக்கி வைத்த இடமே அன்றி வேறில்லை.

இதைச் சொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்று பெரியவர்கள் கேட்கலாம். நாங்கள் பத்தாம் வகுப்பு மாணவிகள். வீடு கட்டியதில்லை, மனை வாங்கியதில்லை. ஆனால் கடைக்கு ஓடிப்போய் வருகிற வேலை தொன்றுதொட்டு எங்கள் வயதுப் பெண்களுடையதுதானே! அந்த வேலை எங்களை விட்டுப் போய்க்கொண்டிருப்பதை நாங்கள்தாம் முதலில் உணர்கிறோம்.

எங்கள் வகுப்பில் சிலருடைய குடும்பங்கள் மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளை விட்டு, ரிங் ரோட்டுக்கு அப்பால் புதிதாக எழும்பியுள்ள நகர்களுக்குக் குடிபோயிருக்கின்றன. காற்றோட்டமான அறைகள், மொட்டை மாடி, வாசலில் வேப்பங்கன்று. எல்லாம் மகிழ்ச்சிதான். அப்படிக் குடிபோன தோழி ஒருத்தியின் வீட்டுக்கு விடுமுறையில் சென்றிருந்தோம். அங்கே அவளுடைய அப்பத்தாவின் சுருக்குப்பை சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய வீட்டில் இருந்தபோது அந்தப் பை அவர்களுடைய இடுப்பை விட்டு இறங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. “என்ன அப்பத்தா, பையை மாட்டி வைத்துவிட்டீர்களே?” என்று கேட்டோம். “அது எதுக்கு தாயி? இங்கே யார்கிட்டக் கொண்டுபோய்க் காசைக் கொடுக்க?” என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்களுக்குச் சிரிப்பாகப் படவில்லை.

பழைய தெருவில் அப்பத்தா காலையில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசுவார்கள். பத்து மணிக்கு வெற்றிலை பாக்கு. மாலையில் கோயிலுக்குப் போய்ச் செபமாலை சொல்லிவிட்டுத் திரும்பும்போது அண்ணாச்சி கடையில் பேத்திக்குக் கடலை மிட்டாய். இந்த மூன்று நடையில் முப்பது பேருடன் பேசிவிடுவார்கள். புதிய நகரிலோ பக்கத்துக் கடைக்குப் போக வேண்டுமானால் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும். ஆகவே தேவையானவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, மகன் வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் வரும் வரை காத்திருக்கிறார்கள். சில நாள் மகன் மறந்துவிடுவார். மறுநாளும் காத்திருப்பார்கள். நாற்பது ஆண்டுகள் தம் கையால் வாங்கி, தம் கையால் கொடுத்து வாழ்ந்தவர்கள் இன்று ஒரு கவுளி வெற்றிலைக்குப் பிறர் முகம் பார்க்கிறார்கள்.

அந்த மனைகளை விற்றபோது அச்சடித்த விளம்பரத்தைத் தோழி எடுத்துக் காட்டினாள். ‘பள்ளி 10 நிமிடம், மருத்துவமனை 10 நிமிடம், கடைவீதி 5 நிமிடம்’ என்று போட்டிருந்தது. பொய் என்று சொல்ல மாட்டோம். காரில் போனால் ஐந்து நிமிடம்தான். அப்பத்தாவின் கால்களுக்கு அது எத்தனை நிமிடம் என்று எவரும் கணக்கிடவில்லை.

எங்கள் நிலையும் அதுதான். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறையாதவர்கள் வண்டி ஓட்டக் கூடாது. கியர் இல்லாத சிறிய வண்டிக்கு மட்டும் 16 வயது. 2019இல் செய்த திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். நல்ல சட்டம், உயிரைக் காக்கும் சட்டம். ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். வண்டி இல்லாமல் எதுவும் வாங்க முடியாத ஓர் ஊரைக் கட்டிவிட்டு, வண்டி ஓட்டாதே என்றும் சொன்னால், 18 வயது வரை நாங்கள் என்ன செய்வது? ஒரு ஜியாமெட்ரி பெட்டிக்கும் அப்பாவை எதிர்பார்த்து நிற்பதா? வண்டி ஓட்டத் தெரியாத அம்மாக்களும், ஓட்ட முடியாத பாட்டி தாத்தாக்களும் எங்களுடன் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். குடும்பத்தில் பாதிப் பேரை வீட்டுக்குள் நிறுத்தும் ஊரை நல்ல திட்டம் என்று எப்படிச் சொல்வது?

நடக்கும் தூரத்தில் கடைவீதி என்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமையன்று. மதுரைக்கு அது அரிச்சுவடி. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் விரிவாகக் காட்டுகிறது. அங்கே முதிய பெண்டிர் மணப்பொருள்களையும் பூவையும் விற்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் நகரைச் சுற்றிப் பார்க்கும்போது மணிகள் விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, துணி விற்கும் தெரு, தானியம் விற்கும் தெரு என்று ஒவ்வொன்றாகக் கால்நடையாகவே கடந்து போகிறான்.

இன்றைய பழைய நகரமும் திட்டமிட்டு அமைந்ததே. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்துள்ளன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது; நகரம் வெளியே பரவியது. அவர் நினைவாக நிற்கும் விளக்குத்தூண் இன்று எத்தனையோ கடைகளுக்கு நடுவே இருக்கிறது. வெண்கலக் கடைத் தெரு, வளையல்காரத் தெரு, வெற்றிலைப்பேட்டை, நெல்பேட்டை, தவிட்டுச் சந்தை என்ற பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு பெயரும் ஒரு கடைவீதி அல்லவா? வீடு மாடியில், கடை கீழே. அல்லது வீடு சந்துக்குள், கடை சந்தின் முனையில். கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் இன்று வாகனப் போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் அங்கே கூட்டம் குறைந்துவிட்டதா? நடப்பவர்கள் நிறைந்துதான் இருக்கிறார்கள்.

பழைய நகரத்தின் நெருக்கடியும் சாக்கடையும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. அவற்றை விட்டுப் போனவர்களை நாங்கள் குறை கூறவில்லை. நெருக்கடியை விட்டுப் போனவர்கள் கடையையும் விட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை என்பதே எங்கள் வாதம். இதற்குச் சான்று வைகையின் வடகரையில் இருக்கிறது. வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய அண்ணா நகர் திட்டமிட்ட குடியிருப்புத்தான். அகன்ற சாலைகள் உடையதுதான். அங்கேதான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் திறக்கப்பட்டது. சுற்று வட்டாரக் கிராமங்களின் உழவர்கள் தாம் விளைவித்த காய்கறிகளை விடியற்காலையில் கொண்டுவந்து, இடைத்தரகர் இன்றித் தாமே விற்கிறார்கள். அவர்களுக்கு அடையாள அட்டை உண்டு, தராசு இலவசம், அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். நடைப்பயிற்சிக்குப் புறப்பட்ட தாத்தா திரும்பும்போது பையில் கத்தரிக்காயும் கொத்தமல்லியும் கொண்டுவருகிறார். வீட்டுக்குக் காய் கிடைத்தது. உழவனுக்கு விலை கிடைத்தது. குடியிருப்பின் நடுவே சந்தைக்கு இடம் இருந்ததனால் அல்லவா இது நடந்தது?

பிற இடங்களிலும் அறிஞர்கள் இதையே சிந்தித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெரி என்பவர் 1929இல் நியூயார்க் வட்டாரத்துக்காக ஒரு குடியிருப்பு முறையை வகுத்தார். நடுவில் பள்ளிக்கூடம், வீட்டிலிருந்து பள்ளிக்குச் சுமார் 400 மீட்டர் நடை, கடைகள் மட்டும் குடியிருப்பின் ஓரத்தில், சாலைகள் கூடும் முனைகளில். ஏன் ஓரத்தில்? ஒரு குடியிருப்பின் வியாபாரம் மட்டும் ஒரு கடைக்குப் போதாமல் போகலாம். முனையில் வைத்தால் அடுத்த குடியிருப்பாரும் அதே கடைக்கு வருவார்கள், கடை பிழைத்துக்கொள்ளும். நம் நாட்டில் 1951 முதல் லெ கொர்பூசியே திட்டமிட்ட சண்டிகரில் ஒவ்வொரு செக்டாரும் ஏறத்தாழ 1200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் உடையது. அதன் குறுக்கே ஒரு கடைவீதி சென்று அடுத்த செக்டாரின் கடைவீதியோடு சேர்கிறது. 2020இல் பாரிஸ் நகரத்தின் மேயர், அன்றாடத் தேவைகள் எல்லாம் 15 நிமிட நடையிலோ சைக்கிளிலோ கிட்ட வேண்டும் என்பதைத் தம் கொள்கையாக அறிவித்தார். இதைப் படித்தபோது எங்களுக்குப் பெருமையாகவும் இருந்தது, வருத்தமாகவும் இருந்தது. அவர்கள் தேடிச் செல்வதை அல்லவா நாம் விட்டு விலகுகிறோம்!

இதற்கு மறுப்புகள் உண்டு என்பதை அறிவோம். முதலாவது, “கடை வந்தால் கூட்டம் வரும், வேலையற்றவர்கள் நிற்பார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை” என்பது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எங்கள் தந்தையர். எங்கள் மேல் உள்ள அன்பினால் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் அனுபவம் வேறு. ஆளரவமற்ற நாற்பதடிச் சாலையில் மாலை ஆறு மணிக்குத் தனியே நடக்கத்தான் எங்களுக்குப் பயம். விளக்கெரியும் கடைகள் உள்ள தெருவில் பயமில்லை. அண்ணாச்சிக்கு எங்களைத் தெரியும். எங்கள் அப்பாவையும் தெரியும். யாராவது வம்பு செய்தால் தராசைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூலில், தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்களே தெருவுக்குக் காவல் என்றும், கடைக்காரர்கள் அந்தக் காவலில் முக்கியமானவர்கள் என்றும் விளக்கியிருக்கிறார். அவர் சொன்னதை எங்கள் அண்ணாச்சி படிக்காமலே செய்துவருகிறார். மதுக்கடை வேறு விஷயம். அது குடியிருப்பின் பக்கமே வரலாகாது என்பதில் பெற்றோருடன் நாங்களும் ஒரே கட்சி.

இரண்டாவது, “தொலைபேசியில் சொன்னால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே!” என்பது. உண்மை. நோயாளிகளுக்கு அது பேருதவி. ஆனால் பொருளைக் கொண்டுவருகிறவர் பேச்சைக் கொண்டுவருவதில்லை. கையில் காசில்லாத மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி தருவதில்லை. கொசுறாகக் கறிவேப்பிலை தருவதில்லை. “அப்பத்தாவை நாலு நாளாகக் காணோமே, உடம்புக்கு என்ன?” என்று விசாரிப்பதில்லை. முதியோர் தனிமையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். தெருமுனையில் ஒரு கடை இருந்தாலே அந்தத் தனிமை பாதி தீரும் அன்றோ?

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. “புது நகரில் முதலில் இருபது வீடுகள்தாம் வரும். அதை நம்பி யார் கடை வைப்பார்? வைத்தாலும் ஆறு மாதத்தில் மூடிவிடுவார்” என்கிறார்கள். இதை நாங்கள் நெடுநேரம் விவாதித்தோம். விடை நம் கிராமங்களிலேயே இருக்கிறது. அதுதான் வாரச் சந்தை. ஒரு கிராமத்து வியாபாரம் ஒரு வணிகரை வாரம் முழுவதும் தாங்காது. ஆகவே அவர் இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர் என்று சுற்றி வருகிறார். ஊருக்கு வாரத்தில் ஒரு நாளாவது முழுச் சந்தை கிடைக்கிறது; அவருக்கும் ஏழு நாளும் பிழைப்பு நடக்கிறது. திருமங்கலத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை என்றால் சுற்று வட்டாரமே அறியும். ஒவ்வொரு புது நகரிலும் வாரத்தில் ஒரு மாலை, பூங்காவின் ஓரத்தில் சந்தை கூட இடம் கொடுத்தால் என்ன? வீடுகள் பெருகப் பெருகச் சந்தைக்காரர்களில் ஒருவர் அங்கேயே கடை போட்டுவிடுவார். பாட்டன் காலத்து ஊர்கள் பல இப்படித்தான் கடைத்தெருக்களைப் பெற்றன.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவை. தமிழ்நாட்டு விதிகளின்படி பெரிய மனைப்பிரிவுகளில் பூங்காவும் விளையாட்டிடமும் அமைய 10 விழுக்காடு நிலம் ஒதுக்க வேண்டும். அதுபோலவே கடைகளுக்கும் சந்தைக்கும் நிலம் ஒதுக்க விதி செய்யட்டும். அந்த நிலம் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி, நகருக்குள் நுழையும் முனையில் இருக்கட்டும். பக்கத்துக் கிராமத்தாரும் அங்கே வந்து வாங்குவார்கள், விற்பார்கள். ஒரே பெரிய கட்டடமாக இல்லாமல் சிறு சிறு கடைகளாக இருக்கட்டும். அப்போதுதான் தையல் இயந்திரம் வைத்திருக்கும் அக்காவும் இட்லி விற்கும் அம்மாவும் வாடகை கொடுக்க முடியும். முதல் சில ஆண்டுகள் வாடகை குறைவாக இருக்கட்டும். வீட்டு வசதி வாரியத்தின் வரைபடங்களில் கடைக்கென்று மனைகள் குறிக்கப்படுவது உண்டு. தோப்பூர்–உச்சப்பட்டியில் வாரியம் துணை நகரத்துக்கென மனைகள் பிரித்திருக்கிறது. அத்தகைய இடங்களில் வரைபடத்தில் குறித்தால் மட்டும் போதாது. முதல் வீடு குடிவரும் நாளில் முதல் கடையும் திறந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போகும் வழியையும் மறக்கலாகாது. பெரி சொன்ன 400 மீட்டர் நியூயார்க்குக்குப் பொருந்தலாம். நம் ஊரில் தூரத்தை அடியால் மட்டும் அளந்தால் போதாது. வெயிலாலும் அளக்க வேண்டும். சித்திரை மாதத்து நண்பகலில் நிழலில்லாத 400 மீட்டர் என்பது அப்பத்தாவுக்கு நாலு மைல். எனவே இருபுறமும் புங்கையும் வேம்பும் நட வேண்டும். நடைபாதை வேண்டும், அதன் மேல் வண்டிகளை நிறுத்தாத நல்ல மனமும் வேண்டும். தெருவிளக்கு வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் பாதுகாப்பான வழி வேண்டும்.

அரசாங்கத்துக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ளப் போவதில்லை. தெருமுனையில் கடை இருக்கும்போதே அதைத் தாண்டி வண்டியில் பறந்து போய்ப் பெரிய கடையில் சோப்பு வாங்குகிறவர்கள் நாமும்தானே? மாதச் சாமானைப் பெரிய கடையில் வாங்கினாலும், அன்றாடக் காயையும் பாலையும் பக்கத்துக் கடையில் வாங்குவோம் என்று எங்கள் வகுப்பு மாணவிகள் முடிவு செய்திருக்கிறோம். துணிப்பை எடுத்துக்கொண்டு நடந்து போவோம். பெற்றோரிடம் நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை மனை பார்க்கப் போகும்போது தண்ணீர் உண்டா, பட்டா உண்டா என்று கேட்பதுபோல், “பாட்டி நடந்து போகக் கடை உண்டா?” என்றும் கேளுங்கள். வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்டால் விற்கிறவர்கள் கடைக்கு இடம் விடாமல் என்ன செய்வார்கள்?

நம் ஆண்டவர் தம் காலத்து மக்களைப் பற்றிப் பேசும்போது, சந்தை வெளியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கூப்பிட்டு விளையாடும் பிள்ளைகளை உவமையாகச் சொன்னார் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். வேலைக்காகச் சந்தையில் காத்து நின்ற கூலியாட்களையும் உவமையில் வைத்தார். பிள்ளைகளும் ஏழைகளும் அவர் கண்ணில் பட்ட இடங்களுள் சந்தையும் ஒன்று. இன்று நாம் கட்டும் நகர்களில் அவர் நடந்து வந்தால் அவர்களை எங்கே காண்பார்? பூட்டிய கதவுகளுக்குப் பின்னால்தானே?

அந்த நிலை மாற வேண்டும். பிள்ளைகள் ஓடிப்போய் வரவும், அம்மாக்கள் நின்று பேசவும், முதியோர் மெல்ல நடந்து வரவும் ஒரு கடைவீதி ஒவ்வொரு புது நகரிலும் அமைய வேண்டும். ஆணியில் தொங்கும் அந்தச் சுருக்குப்பை மீண்டும் அப்பத்தாவின் இடுப்புக்கு ஏற வேண்டும். அந்த நாள் விரைவில் வர இறைவன் அருள்வாராக. நாமும் நம்மால் இயன்றதைச் செய்வோமாக!

— பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்